அம்மா பாடமாக்கிய ஊர்

பெப்ரவரி 9, ஞாயிறு

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுவதும் படிவங்களில் பொய் எழுதிப் பிழைக்கிற சனம். இதில் ஒருவரையும் விலக்க மாட்டேன். எட்டு மணித்தியால வேலையை, வேலை தருகிற வீட்டுக்காரர் நாலு என்று எழுதுகிறார், நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். ஐந்து பேர் இருக்கிற வீட்டை இரண்டு பேர் என்று பதிகிறோம். பிறந்த திகதியையே மாற்றி எழுதியவர்களை எனக்குத் தெரியும்; தங்களுக்கு எத்தனை வயது என்று இப்போது யோசித்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் யாரும் இதைப் பொய் என்று சொல்வதில்லை. "அப்பிடித்தான் எழுத வேணும்" என்கிறார்கள்.

இன்று அந்த வழக்கம் எங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது.

மத்தியானம் இங்கிலாந்திலிருந்து மிதுசன் அழைத்தான். சின்னம்மாவின் மகன். சின்னம்மாவை வைத்தியசாலையிலிருந்து வேறிடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். இனி மருந்து இல்லை, நோவு தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். இரண்டு மாதம், கூடினால் மூன்று. அம்மா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் வாறன் எண்டு அவளுக்குச் சொல்லு. நான் வாறன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மாவுக்கு இருக்கிறது ஒரே தங்கை. கடைசியாகக் கண்டது 2014 இல், சின்னம்மா இங்கே வந்து ஒரு கிழமை நின்றபோது. அம்மா அங்கே ஒருமுறையும் போனதில்லை. இருபத்திரண்டு வருடம் இத்தாலிக்காரரின் வீடுகளைத் துடைத்த பிறகும் அம்மாவிடம் இருப்பது இலங்கைப் பாஸ்போர்ட். விசா எடுக்க வேண்டும்.

பெப்ரவரி 11, செவ்வாய்

விமலராஜ் அண்ணை வந்தார். போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பக்கத்தில் விமானச் சீட்டுக் கடை வைத்திருப்பவர். எங்கள் ஆட்களுக்கு விசாவுக்கு என்ன எழுதுவது என்று அவர்தான் சொல்லிக்கொடுப்பார். அதற்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. அதனால் அவரோடு சண்டை பிடிக்கவும் முடிவதில்லை.

நான் சொன்னேன்: "தங்கச்சி சாகக் கிடக்கிறா, பார்க்கப் போறன் எண்டு எழுதுவம். அதுதானே உண்மை."

அவர் தேநீரை ஊதிக் குடித்தார். "சிவானுஜா, நீ படிச்ச பிள்ளை, ஆனா உனக்கு உவங்களைத் தெரியாது. அங்கை சொந்தம் இருக்கெண்டு எழுதினா என்ன நினைப்பான்? போனா வரமாட்டாள் எண்டு நினைப்பான். அதுவும் வருத்தக்காரி எண்டா, பார்க்கிறதுக்கு ஆள் வேணும், அங்கையே மறிச்சு வைச்சிருப்பினம் எண்டு நினைப்பான். உடனை றிஜெக்ற் எண்டு அடிச்சுப்போடுவான்."

"அப்ப என்னெண்டு எழுதுறது?"

"ஊர் பார்க்கப் போறா. ரூறிஸ்ற்."

"அம்மாவோ?"

"ஏன், கொம்மாவுக்குக் கண் இல்லையே பார்க்கிறதுக்கு?"

அம்மா சிரிக்கவில்லை. "தம்பி சொல்லுறது சரிதான். கோபாலசிங்கத்தாற்றை மனுசிக்கும் இப்பிடித்தானே கிடைச்சது" என்றார்.

"லண்டன் எண்டு போடாதை" என்றார் விமலராஜ் அண்ணை, வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே. "தமிழன் லண்டனுக்குப் போறதெண்டா ஆற்றையோ வீட்டைதான் போறான் எண்டு அவனுக்குத் தெரியும். பழைய கிராமம் ஒண்டு பார். வெள்ளைக்காரர் போய்ப் படம் எடுக்கிற மாதிரி."

பெப்ரவரி 13, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். ஹெசல்கோம். சின்னம்மா கிடக்கிற இடத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். அந்த ஊருக்கென்று ஒரு இணையத்தளம் இருக்கிறது. அதில் வருகையாளருக்கான அறிமுகம், வரைபடம், எந்த மாதம் எந்தப் பூ என்றெல்லாம் இருக்கிறது. முதல் வரி: எல்லோரையும் வரவேற்கிறோம். இரண்டாவது வரி: இங்கே காலம் நின்றுவிட்டது.

காலம் எங்கேயும் நிற்பதில்லை. காசுள்ளவர்கள் அதை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மின்கம்பிகளை நிலத்துக்குள் புதைத்திருக்கிறார்களாம். யாரும் வீட்டுக் கதவுக்குத் தங்கள் விருப்பத்துக்கு நிறம் பூச முடியாதாம். முன்னூறு பேர் இருக்கிற ஊரைப் பார்க்க வருடத்துக்கு எண்பதாயிரம் பேர் போகிறார்கள். இங்கே எங்கள் தெருவிலும் இருநூறு வருடக் கட்டடங்கள்தான். பல்கனி உடைந்து விழுந்தால் கீழே ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த நாடாவுக்கே நாலு வயது.

விசாக் கந்தோரிலிருந்து தொலைபேசியில் கேள்வி கேட்கவும் கூடும் என்று விமலராஜ் அண்ணை சொல்லியிருக்கிறார். ஆகவே அம்மாவுக்கு ஊர் தெரிய வேண்டும். அறிமுகத்தைத் தமிழில் எழுதத் தொடங்கினேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

நாலு பக்கம் எழுதினேன். இப்படித் தொடங்குகிறது:

"ஹெசல்கோம் ஒரு பழைய கிராமம். வீடுகள் மஞ்சள் கல்லால் கட்டப்பட்டவை. ஆற்றுக்கு மேல் இரண்டு வளைவுகள் கொண்ட கல்பாலம் உண்டு. பாலத்தைக் கடந்தால் கம்பளி நெய்தவர்கள் இருந்த பதினொரு வீடுகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. தேவாலயத்தின் கோபுரம் அறுநூறு வருடம் பழையது. சந்தைச் சதுக்கத்தில் கால்களை நுழைத்துப் பூட்டுகிற மரப்பலகை இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் வேறு ஊரிலிருந்து வந்து தங்குகிறவர்கள் தங்கள் ஊர்த் தேவாலயத்திலிருந்து சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இல்லாதவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள்."

அம்மா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார். "அப்பவும் பெர்மெஸ்ஸோ இருந்ததே?" இங்கே தங்க எங்களுக்குத் தருகிற அனுமதி அட்டையைத்தான் சொன்னார்.

"இருந்திருக்கு."

"வெள்ளைக்காரனிட்டை வெள்ளைக்காரனே கேட்டவனோ?"

"ஓம்."

"பிறகேன் எங்களிலை குறை சொல்லுவான்" என்றுவிட்டு மறுபடி வாசித்தார்.

அம்மா கேட்கிற கேள்விகள் வேறு மாதிரி. அந்தக் கல்வீடுகளில் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலானவை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிற வீடுகள் என்று சொன்னேன். "அப்ப கிழமைக்குக் கிழமை படுக்கை விரிப்பு மாத்த வேணும். ஆர் மாத்திறது?" தெரியாது என்றேன். அறிமுகத்தில் அது இல்லை. "பித்தளைக் கைபிடி எல்லாம் மினுங்குது. ஆரோ ஒருத்தி நாளாந்தம் உரஞ்சுறாள்" என்றார். படத்தில் ஒரு மனிதரும் இல்லை. அம்மா அந்த ஒருத்தியைக் கண்டுவிட்டார்.

பெப்ரவரி 19, புதன்

பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்து ஹோட்டல் வரவேற்பில் நான் நிற்பது மூன்றாவது வருடம். இன்று ஓர் ஆங்கிலேயத் தம்பதி. இரண்டு பாஸ்போர்ட்டுகளை மேசையில் போட்டார்கள். ஏன் வந்தீர்கள், இங்கே யார் இருக்கிறார்கள், திரும்பிப் போவீர்களா? நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. சந்தைக்குத் தனியாகப் போகலாமா, பயமில்லையா என்று அந்த மனுசி கேட்டாள். நான் அங்கேதான் இருக்கிறேன் என்றேன். ஓ என்றாள். நல்ல மனுசிதான். போகும்போது, "நீயும் ஒருமுறை எங்கள் நாட்டுக்கு வரவேண்டும், எங்கள் கிராமங்களைப் பார்க்க வேண்டும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கிராமத்தின் பதினொரு நெசவாளர் வீடுகளையும் என்னால் ஒப்புவிக்க முடியும் என்று சொல்லவில்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

படிவம். மூன்று மணித்தியாலம் எடுத்தது. அம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். வீட்டுக் கடிதம், படிவம், வழக்கு எல்லாம் என் கையால்தான் போகும். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வரிசையில் அப்பாவுக்காக நான்தான் கதைத்தேன். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்காக.

பெயர். வேலை. லிபெர்த்தா வீதியில் ஒரு வீட்டில் வேலை, வீட்டுக்கார சிஞ்ஞோராவின் கடிதம் இணைத்தாயிற்று. பயணத்தின் நோக்கம்: சுற்றுலா. பார்க்கப் போகும் இடம்: ஹெசல்கோம்.

பிறகு அந்தக் கேள்வி. இங்கிலாந்தில் உங்கள் குடும்பத்தார் யாராவது இருக்கிறார்களா?

ஆம். இல்லை. இரண்டு வட்டங்கள்.

"அம்மா, இது கடைசிச் சந்தர்ப்பம். ஓம் எண்டு போடட்டே?"

அம்மா திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "எனக்கென்ன தெரியும் பிள்ளை. நீதானே படிச்சனி. எது சரியெண்டு நீ பார்த்துப் போடு."

நான் பார்த்தேன். எது சரி என்று எனக்குத் தெரியும். எது வெல்லும் என்றுதான் தெரியவில்லை. விமலராஜ் அண்ணை, கோபாலசிங்கத்தாரின் மனைவி, கோவிலில் சந்தித்த எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். நான் ஒருத்தி மட்டும் நேர்மை என்று நின்று, விசா கிடைக்காமல் போனால்? சின்னம்மாவை அம்மா பார்க்காமல் போனது என் கொழுப்பால் என்று ஆகாதா?

'இல்லை'யை அழுத்தினேன்.

ஒரே தங்கை. இல்லை.

பெப்ரவரி 26, புதன்

அம்மா ஊரைப் பாடமாக்கிவிட்டார். தேய்க்கும்போதும் மீன் வெட்டும்போதும் சொல்கிறார். "பாலம், பதினொரு வீடு, கோபுரம், பலகை." சிஞ்ஞோராவுக்கும் சொன்னாராம். "குகனா, எனக்கு எழுபத்தெட்டு வயசு, நான் அப்பிடி ஒரு இடத்தைக் கேள்விப்பட்டதே இல்லை, உனக்கெப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டாராம். சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு பெருமை. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சின்னம்மாவுக்கும் தொலைபேசியில் அதையே சொல்கிறார். அங்கே சின்னம்மா சிரிக்க முயன்று இருமுகிறார்.

ஈஸ்டருக்கு முதல் திரும்பி வந்துவிட வேண்டும் என்று சிஞ்ஞோரா சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் மிலானோவிலிருந்து வருவார்களாம். சமைக்க ஆள் வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

ரோம். கைரேகை கொடுக்க. அம்மா கல்யாணவீட்டுச் சேலை உடுத்திக்கொண்டு வந்தார், வேண்டாம் என்றும் கேட்கவில்லை. விமானத்தில் நாலு பக்கத்தையும் மடியில் வைத்திருந்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். என்னைவிட இளையவள். அம்மாவின் விரல்களைக் கருவியில் வைக்கச் சொன்னாள். பதியவில்லை. இருபத்திரண்டு வருடச் சவர்க்காரமும் பிளீச்சும் ரேகையைத் தின்றுவிட்டன. நாலாம் முறைதான் பதிந்தது. அதற்கிடையில் அம்மா இத்தாலியனில் தொடங்கிவிட்டார்: "நான் போகும் ஊரில் கல்பாலம் ஒன்று இருக்கிறது, இரண்டு வளைவு—"

அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சிஞ்ஞோரா, நான் கைரேகை மட்டும்தான் எடுக்கிறேன். அடுத்த கை."

வெளியே வந்து அம்மா கேட்டார்: "ஒண்டும் கேக்கேல்லையே. இது நல்லதோ கெட்டதோ?"

"நல்லதுதான்" என்றேன்.

மார்ச் 17, திங்கள்

ஒன்றும் வரவில்லை. சின்னம்மா இப்போது நாளுக்கு ஒரு வசனம்தான் பேசுகிறாராம்.

மார்ச் 25, செவ்வாய்

வந்தது. இல்லை.

வேலையில் வைத்துத் திறந்தேன். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் விமலராஜ் அண்ணை பயந்த எதுவும் இல்லை. வேலைக் கடிதத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இத்தாலியில் அம்மாவின் வாழ்க்கை உறுதியானது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது பக்கத்தில்: இங்கிலாந்தில் உங்களுக்குக் குடும்பத்தார் இல்லை என்று கூறியுள்ளீர்கள். ஆனால் உங்கள் சகோதரியைப் பராமரிக்கும் தாதி பெப்ரவரி 7 அன்று எங்களுக்கு எழுதிய கடிதம் எங்களிடம் உள்ளது. அதில் உங்கள் பெயர், பிறந்த திகதி, முகவரி யாவும் உள்ளன. உங்கள் விண்ணப்பத்தைக் கருணையோடு விரைவாகப் பார்க்குமாறு அவர் கேட்டிருந்தார்.

பெப்ரவரி 7. விமலராஜ் அண்ணை எங்கள் மேசையில் தேநீர் குடிப்பதற்கு நாலு நாள் முன்பு. உண்மை எங்களுக்கு முதலே அங்கே போய் இருந்திருக்கிறது. நாங்கள் அதற்குப் பக்கத்தில் பொய்யைக் கொண்டுபோய் வைத்தோம்.

மூன்றாவது பக்கம்: முக்கியமான தகவலை மறைத்தபடியால் பத்து வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

அம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது.

வீட்டில் சொன்னேன்: "தரேல்லை அம்மா. காரணம் ஒண்டும் வடிவாச் சொல்லேல்லை." அம்மா கையிலிருந்த மரக்கறிப் பையைக் கீழே வைத்தார். "ஊர் வடிவாத் தெரியாதெண்டு நினைச்சிட்டாங்களோ?" என்று கேட்டார்.

மார்ச் 26, புதன்

மிதுசனிடம் கேட்டேன். அவன் அங்கே பிறந்தவன், தமிழைத் தேடித் தேடிக் கதைப்பான். "ஓம் அக்கா, அந்த நேர்ஸ் எழுதினவா. அம்மாதான் பெரியம்மாவின்ரை டீற்றெய்ல்ஸ் குடுத்தவா. உங்களுக்கு ஈசியா இருக்கும் எண்டு."

"ஏன்ரா எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் தங்கச்சியைப் பார்க்க எண்டுதானே எழுதியிருப்பீங்கள்... வேறை என்ன எழுதுறது?"

வேறு என்ன எழுதுவது. அவனுக்கு வேறு எதுவும் தோன்றவே இல்லை. அந்த நாட்டில் பிறந்தவனுக்கு உண்மை சொன்னால் போதும். எங்களுக்கு அது ஆடம்பரம் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

கடைக்குப் போனேன். கத்தினேன். ஆட்கள் நின்றார்கள், பரவாயில்லை என்று கத்தினேன். விமலராஜ் அண்ணை முகம் வெளுத்துப் போய் நின்றார். "நல்லதுக்குத்தான் சொன்னனான். இருவது பேருக்கு இப்பிடித்தான் எழுதினனாங்கள், இருவது பேரும் போய் வந்தவை" என்றார்.

"என்ர அம்மா போகேல்லை!"

"நான் என்ன செய்யிறது பிள்ளை." குரல் தாழ்ந்தது. "நான் வாயாலை சொன்னனான். அமத்தினது உன்ரை விரல்தானே."

திரும்பி வந்துவிட்டேன். அவர் சொன்னது உண்மை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

சின்னம்மா காலை ஐந்தரைக்குப் போய்விட்டார். அம்மா ஏழு மணிக்கு வேலைக்குப் போனார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

செத்தவீட்டைத் தொலைபேசியில் பார்த்தோம். இரண்டு கிழமை கழித்துத்தான் இடம் கிடைத்திருக்கிறது. அந்த நாட்டில் எரிப்பதற்கும் வரிசை. மிதுசனின் கூட்டாளி ஒருவன் படம் பிடித்தான். மண்டபத்தின் கூரைதான் பாதி நேரம் தெரிந்தது. அம்மா தலைமுழுகி, நிலத்தில் பாயைப் போட்டு, தொலைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தார். சடங்குக்குப் பொற்சுண்ணத்தை யாரோ இடிக்கிற சத்தம். அம்மா வாய்க்கரிசிக்கு அரிசி எடுத்து வைத்திருந்தார். எங்கே போடுவது? திரைக்கு முன்னால் போட்டார். பிறகு அதைக் கூட்டி அள்ளவும் அவர்தான் எழும்பினார். நான் விடவில்லை, நானே அள்ளினேன்.

சிஞ்ஞோரா அரைநாள் விடுமுறை தந்திருந்தார். இரண்டு மணிக்கு அம்மா சேலையை மாற்றிக்கொண்டு லிபெர்த்தாவுக்குப் போனார். ஞாயிறு ஈஸ்டர்.

மே 4, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கடிதத்தின் மூன்று பக்கத்தையும் மேசையில் விரித்து வசனம் வசனமாகத் தமிழில் சொன்னேன். தாதியின் கடிதம். நான் அழுத்திய 'இல்லை'. பத்து வருடம். ஒரு மாதத்துக்கு மேல் அம்மாவிடம் நான் சொன்ன பொய்.

அம்மா நடுவில் ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப அவள் எனக்காக எழுதுவிச்சவளோ?"

"ஓம்."

"என்னெண்டு?"

தாதியின் கடிதத்தை மிதுசன் அனுப்பியிருந்தான். வாசித்தேன். அலுவலகக் கடிதம்தான், அழகாக ஒன்றுமில்லை. நோயாளி தன் மூத்த சகோதரி எப்போது வருவார் என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார் என்று ஒரு வரி. அம்மா அந்த வரியை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். தலையாட்டினார். எழும்பிப் போய்க் காய்ந்த உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

கத்துவார் என்று நினைத்தேன். கன்னத்தில் அறைவார் என்றுகூட. ஒன்றும் இல்லை. மாலையில் எனக்கு முட்டை பொரித்தும் தந்தார்.

மே 22, வியாழன்

வேலை முடிந்து வர மேசையில் ஒரு படிவம். அம்மாவின் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கிற படிவம். உதவி அலுவலகத்துக்குத் தானே போய், வரிசையில் நின்று வாங்கி வந்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பெட்டிக்கு ஓர் எழுத்து. சொல் புரியாத இடத்தில் தர்சனாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார். தர்சனா, மேல்மாடிப் பிள்ளை. பதினாறு வயது. நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

"தாங்கோ அம்மா, நான் எழுதுறன்."

"நீ சாப்பிடு. சோறு மூடிக் கிடக்கு."

"பிழையா எழுதினா திருப்பி அனுப்புவாங்கள்."

"அனுப்பட்டும். திருப்பி எழுதுறன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பக்கத்தில் போய் இருந்திருப்பேன். குனிந்து பார்த்தேன். குடும்பத்தார் என்ற பெட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தார். படிவம் கேட்காதவர்களையும் எழுதியிருந்தார். கணவர், இறந்தவர். தங்கை, இறந்தவர், இங்கிலாந்து. மகள்.

"அம்மா, எனக்கு ஏசுங்கோ. ஒருக்கா எண்டாலும் வாய் திறந்து ஏசுங்கோ."

பேனை நின்றது. பிறகு அடுத்த பெட்டியில் எழுதத் தொடங்கியது.

"ஏசுங்கோ அம்மா!"